கண்ணுக்குத் தெரியாத நெருப்பு: எத்தனால் வண்டியில் ஆயர் தாவார் முனியாண்டி கோயிலுக்கு

ஆயர் தாவார் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குக் காரில் போக முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போனோம். வழக்கமாக இருபது முப்பது படங்கள் போடுவேன். இந்த முறை ஒன்றும் இல்லை. கடைசியாக எடுத்த படத்தைத் திறந்து பார்க்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

போன காரணம் என் வீட்டுக்காரர் சரவணனின் வண்டி. பழைய புரோட்டான் வீரா காருக்குள் டர்போ இஞ்சின் இறக்கி வைத்திருக்கிறார். வெளியே பார்த்தால் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி, உள்ளே பேய். அதை எத்தனால் கலப்பில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு எத்தனால், மீதி பெட்ரோல். எத்தனால் என்றால் சாராயச் சத்துதான். அது இஞ்சினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், அதனால் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டலாம், வண்டி பறக்கும் என்பார். இஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாய், பம்ப் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற மாதிரி மாற்றினார். அதில் குறை சொல்ல முடியாது.

சிக்கல் என்னவென்றால், நம் ஊர் பெட்ரோல் நிலையங்களில் இந்தக் கலப்பு கிடைக்காது. பட்டறையில் வண்டியின் கணினியை இந்தக் கலப்புக்கென்றே அமைத்துவிட்டார்கள். பாதி வழியில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் போய்விடும். ஆகவே எங்கே போனாலும் பின் பூட்டில், அதாவது டிக்கியில், இருபது லிட்டர் சுத்த எத்தனால் கூடவே வரும். எதில்? சமையல் எண்ணெய் வந்த பழைய பிளாஸ்டிக் கேனில். ஆயிரக்கணக்கில் இஞ்சினுக்குக் கொட்டியவர் கேனில் சிக்கனம் பார்த்தார். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை. அது ஆபத்து, கேனை மாற்றுங்கள் என்று நான்கு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் அது பயந்தாங்கொள்ளிப் பேச்சு.

புது இஞ்சின் என்றால் முதல் தூர ஓட்டம் முனியாண்டியிடம்தான். சரவணனின் குடும்பம் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். தனியாக அனுப்பப் பயந்து நானும் கிளம்பினேன்.

காலை எட்டரைக்கு ஈப்போவில் புறப்பட்டோம். லுமுட் சாலையில் ஆயர் தாவார் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். டோல் கிடையாது. வழியில் ஸ்ரீ இஸ்கந்தாரில் காலைப் பசியாற ரொட்டி சானாய், தே தாரிக் டீ, இரண்டு பேருக்கும் எட்டு வெள்ளி நாற்பது காசு. திரும்ப வண்டியில் ஏறியதும் மூக்கில் ஒரு வாசனை ஏறியது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் பஞ்சில் தடவுவார்களே, அந்த வாசனை.

"என்னங்க, வாசம் அடிக்குது. கேன் ஒழுகுதா பாருங்க."

"உன் கை சானிடைசர்லா அது. சும்மா இரு கோமதி."

என் கைப்பையில் சானிடைசர் இருந்தது உண்மைதான். ஆனால் போத்தா ஊரைத் தாண்டுகிற வரை கண்ணாடியை இறக்கி வைத்து, கதவுக் கைப்பிடியை விடாமல்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு லாரியை முந்த மிதியை அழுத்தியபோது முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. அவர் சிரித்தார்.

ஆயர் தாவாரிலிருந்து கோயிலுக்கு ஆறு கிலோமீட்டர். கடைசி இரண்டும் செம்மண் பாதை. தாழ்த்திய வண்டி என்றால் அடி தட்டும், எங்களுக்கும் இரண்டு இடத்தில் தட்டியது. கோயில் சின்னதுதான். தகரக் கூரை, ஆளுயர முனியாண்டி, முறுக்கு மீசை, கையில் அரிவாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சாமி முன்னால் சுருட்டு, சம்சு சாராயம், கறுப்பு பியர் எல்லாம் படைத்திருந்தார்கள். யாரோ சம்சுவைத் தரையிலும் தெளித்திருந்தார்கள். இடம் முழுக்கச் சாராய வாசனை. அங்கேதான் நான் ஏமாந்தேன். வண்டியிலிருந்து வந்ததும் கோயிலில் இருந்ததும் மூக்குக்கு ஒன்றாகப் போய்விட்டன.

வண்டி பூசை உங்களுக்குத் தெரியும். வாழை இலைத் துண்டு விரித்து நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசாரி சூடத்தட்டோடு வண்டியைச் சுற்றி வருவார். முடிந்ததும் வண்டிக்காரர் பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னால் எடுப்பார். சரவணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பந்தய பெல்ட்டைத் தோளிலும் இடுப்பிலும் இறுக்கி மாட்டிக்கொண்டார். படத்துக்கு எடுப்பாக இருக்குமாம். நான் பின்பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் கண் கூசியது. பூசாரி பின் சக்கரத்தருகே தட்டை ஆட்டும்போது ஒரு சூடத்துண்டு உருண்டு கீழே விழுந்தது. அவர் கவனிக்கவில்லை, முன்னால் நடந்துவிட்டார்.

திரையில் பார்க்கும்போது சக்கரத்தடி வாழை இலை தானாகச் சுருண்டது. பச்சை இலை கறுத்து மடங்கியது. புகை இல்லை, தீ இல்லை. போனை இறக்கி நேராகப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் 'சுர்' என்று வெடித்தது. முழங்காலுக்குக் கீழே அனல் அடித்தது. பம்பரின் பெயிண்ட் கொப்பளித்தது. அப்போதுதான் பூட்டுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ ஒழுகுவதைப் பார்த்தேன்.

சுத்த எத்தனால் எரிந்தால் வெயிலில் தீ தெரியாது. இதை எனக்குச் சொன்னவரே சரவணன்தான், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், பெருமையாக. பந்தயக்காரர் ஒருவர் எரிந்துகொண்டு நிற்கையில் பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியாமல் போனதாக யாரோ சொன்ன கதை. அந்தத் தீ இப்போது அவருடைய எரிபொருள் தொட்டிக்குக் கீழே இருந்தது. அவர் முன்னால் பெல்ட்டில் கட்டுண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினேன். கையை நீட்டிக் காட்டினேன். எல்லாரும் நான் காட்டிய இடத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்கள். கொண்டை அவிழ்ந்து, உடம்பெல்லாம் நடுங்கி, இல்லாத நெருப்பைக் காட்டிக் கத்துகிற பெண், முனியாண்டி சன்னிதியில்.

"சாமி வந்துருச்சுலா!" என்றார் ஒருவர்.

உடுக்கை அடிக்க ஆரம்பித்தார்கள். பூசாரியின் மனைவி லெட்சுமி அக்கா ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெற்றியில் விபூதி பூசினார். "அக்கா, விடுங்க, வண்டி எரியுது" என்றேன். "ஆமா சாமி, ஆமா சாமி" என்றார். ஒருவர் சாமிக்கென்று சுருட்டைப் பற்றவைத்தார். இன்னொருவர் சம்சு போத்தலோடு வந்தார். சரவணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, பக்தியோடு இன்னும் அழுத்திக் கும்பிட்டார்.

"யாரு வந்திருக்கிறது? என்ன வேணும், கேளுப்பா" என்றார் பூசாரி.

எனக்கு அருள் வந்ததே இல்லை. அன்றும் வரவில்லை. பயம்தான் வந்தது. அந்தப் பயத்தை அடிவயிற்றிலிருந்து எடுத்துக் குரலாக்கினேன்.

"முனியாண்டி வந்திருக்கேன்டா! சுருட்ட அணைடா! சம்சுவ எடுத்துக்கிட்டு ஓடு! என் புள்ளைய வண்டிய விட்டு இறக்கு! எனக்குத் தண்ணி வேணும், வண்டிக்குப் பின்னால ஊத்து, இப்பவே!"

யாரும் காரணம் கேட்கவில்லை. இரண்டு ஆள் கதவைத் திறந்து சரவணனைப் பிடித்து இழுத்தார்கள். பெல்ட்டின் நடுக் கொக்கி விடவில்லை. "அலாமாக், நடுவுல திருகுங்கண்ணே!" என்று அவரே அலறினார். ஒரு வழியாகத் தரையில் வந்து விழுந்தார். மற்றவர்கள் கால் கழுவும் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஊற்றினார்கள். எத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும், அது எங்கள் அதிர்ஷ்டம். ஆவி எழுந்தது. சக்கரத்து ரப்பர் கருகியிருந்ததைக் கண்டபோதுதான் பூசாரி கையிலிருந்த தட்டு நழுவியது.

அணைந்துவிட்டதா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. காய்ந்த மட்டை ஒன்றைத் தூரத்திலிருந்து எறிந்து பார்த்தோம். பற்றவில்லை. ஒரு மணி நேரம் கழித்தே பூட்டைத் திறந்தோம். கேன் மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் எத்தனாலில் ஊறி உப்பி நெளிந்து கிடந்தது. ஒழுகியது ஸ்பேர் டயர் குழியில் தேங்கி, அடைப்பு இல்லாத ஓட்டை வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. ரப்பர் மரத்தை நம்பிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை, ஒரு வாஷரைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான் சாமி இல்லை என்று பூசாரியிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். ஆனால் கிளம்பும்போது காலில் விழ வந்தார். நான் விலகிக்கொண்டு அழுதேன்.

இழுவை வண்டிக்கு ஈப்போ வரை முந்நூற்று ஐம்பது வெள்ளி. முன் இருக்கையில் மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்து வந்தோம். பாதி வழியில் சரவணன் மெதுவாகக் கேட்டார்: "உண்மையிலயே சாமி வந்துச்சா?"

"வரல. நாலு வாரமா வீட்ல சொன்னதத்தான் அங்கயும் சொன்னேன். நீங்க கேக்கணும்னா எனக்கு அரிவா, மீசையெல்லாம் வேண்டியிருக்கு."

இழுவை வண்டிக்காரர் வாய்க்குள் சிரித்தார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், நண்பகலில் நிழல் இல்லை. எத்தனால் ஓட்டுகிறவர்கள் அதற்கென்று செய்த உலோகக் கேனைத் தவிர வேறெதிலும் கொண்டுபோகாதீர்கள். பூசைக்கு முன் கேனை இறக்கித் தூரத்தில், நிழலில் வையுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பூசையின்போது பெல்ட் மாட்டாதீர்கள். சாராய வாசனை வந்தால் சாமி மேல் பழி போடாமல் குனிந்து பாருங்கள்.

வண்டி இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது, தொட்டியில் வெறும் பெட்ரோல், கணினியையும் பழையபடி மாற்றியாகிவிட்டது. ஆனாலும் பகல் வெயிலில் அதன் பக்கம் போகும்போது, கதவைத் தொடுமுன் உள்ளங்கையை நீட்டி அனல் அடிக்கிறதா என்று பார்க்கிறேன். போன வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சரவணனும் அப்படியே கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.