தைலப் பலகையில் அம்மாவின் பின்னல்

என் அம்மாவின் முதுகைப் பார்க்காதவர் உத்தமபாளையத்தில் கிடையாது. அவளுக்குக் கல்யாணமான புதிதில், பக்கத்துத் தெருவில் கூந்தல் தைலம் காய்ச்சி விற்றவர், விளம்பரத்துக்காக அவளைத் திரும்பி நிற்கவைத்துப் படம் எடுத்தாராம். முகம் தெரியாது என்பதால் அப்பாவும் சம்மதித்திருக்கிறார். முழங்காலைத் தொடும் பின்னல். கம்பத்திலிருந்து தேனி வரை மளிகைக்கடைகளில் அந்தத் தகரப் பலகை தொங்கியது.

எனக்கு விவரம் தெரிந்தபோது அம்மாவுக்கு முடி தோள் வரைக்கும்தான். "இவளப் பெத்தேன், அம்புட்டும் கொட்டிப்போச்சு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வாள். கேட்டவர்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஊர்ச்சொத்தைத் தின்றவளைப் பார்க்கிற பார்வை அது. அந்தப் பாவத்தைச் சுமந்தே வளர்ந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அதே தைலத்தை அம்மா தலையில் கை வலிக்கத் தேய்ப்பேன். கல்யாணமாகிப் போன பிறகும், ஊருக்கு வந்தால் முதலில் தைலப் பாட்டிலைத்தான் தேடுவேன்.

போன மாதம் என் மகளின் நிச்சயதார்த்தத்துக்காக மூவரும் தேனியில் ஒரு பார்லருக்குப் போனோம். மகளுக்கு லேயர் கட், அம்மாவுக்கு டை. எனக்கு, இருப்பதை ஒதுக்கிவிட்டால் போதும். உள்ளே போனால், சுவரில் அதே தகரப் பலகை. பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டியிருந்தாள் பார்லர்க்காரப் பெண். பழைய விளம்பரத்தை மாட்டிவைப்பதுதான் இப்போது ஃபேஷனாம்.

"எங்க அம்மாதான் அது" என்றேன் பெருமையாக.

அம்மாவுக்கு டை பூசிக்கொண்டிருந்தவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "சவுரி நல்லா வச்சிருக்காகக்கா. இங்கன பாருங்க, கழுத்து வரைக்கும் சுருட்டை, அதுக்குக் கீழ கோரை முடி."

நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆமாம். இத்தனை வருடமாக ஊரே பின்னலின் நுனியைத்தான் பார்த்திருக்கிறது, கழுத்தை யாரும் பார்க்கவில்லை.

"ஏம்மா, என்னப் பெத்ததுலதான் கொட்டுச்சுன்னு சொன்னியே?"

தலை நிறைய டையோடு அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "பின்ன என்ன சொல்லச் சொல்ற? சவுரின்னு வெளிய தெரிஞ்சா தைலக்காரர் பொழப்புல மண்ணு விழுந்துரும்னாக. முடி எங்கன்னு ஊரே கேக்குது. நீ கைப்புள்ள. இல்லேன்னு வாயத் தொறக்கவா போற?"

அடிப்பாவி என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மனசு லேசாகவும் இருந்தது. நான் யார் முடியையும் தின்னவில்லை.

அதற்குள் மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்ப என்னப் பெத்துத்தான் ஒன் முடி போச்சுன்னு நீ சொன்னது?"

பார்லர்க்காரப் பெண் டை பிரஷ்ஷை நிறுத்திவிட்டாள். அம்மா கண்ணாடி வழியே என்னையே பார்த்தாள். எனக்குக் கை தானாகப் பின்னலுக்குப் போனது.

"அதெல்லாம் இல்ல ஆத்தா" என்றேன். "பொறந்ததுலருந்தே எனக்கு இம்புட்டுத்தான்."