எனக்கு அழுக்கு வேணும்

"நல்லதையெல்லாம் வீட்டுல வச்சுட்டு வா. எனக்கு அழுக்குதான் வேணும்," என்கிறார் திரேசியாம்மா வக்கீல். எதிரே விவாகரத்து கேட்டு வந்த பெண். துணைக்கு வந்த தாய்மாமனையும் பெரியம்மாவையும் வெளியே விரட்டியாயிற்று. "குடிச்சியா, அடிச்சியா, லெட்டர் எழுதினியா, சொல்லு. கேக்க எனக்கு வெக்கமில்ல."

ரப்பரையும் நர்சுகளையும் வெளியூருக்கு அனுப்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது, மீனச்சில் ஆற்றங்கரையில். பதினெட்டு வருடமாக நான் இவருக்குக் குமாஸ்தா. கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடுமாம். கேஸ் கட்டுகளின் மேல் புருஷன் பெண்டாட்டி பெயர் இருக்காது, பிள்ளையின் பெயர்தான். "சண்டை போடுறதுங்க பேரு எனக்கு எதுக்கு லூக்கோசே?" என்பார் என்னிடம்.

எதிர்த்தரப்பு புளுகினால் சிரிப்பார். தன் கட்சிக்காரி புளுகினால் அன்றைக்கு ஆபீசில் யாரும் நிம்மதியாக மூச்சு விட முடியாது.

போன செவ்வாய்க்கிழமை 'நியா' கட்டு விசாரணைக்கு வந்தது. நியாவுக்கு ஆறு வயது. அம்மா ஜின்சி குவைத்தில் இரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்துத் திரும்பியவள். அப்பன் சிபி பிள்ளையை விடமாட்டேன் என்கிறான். "பெத்தவ ஒரு நாளும் இந்தப் பிள்ளையை விட்டுக்கொடுத்ததில்லை," என்று திரேசியாம்மா நீதிபதியிடம் அடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை, அதற்குள் எதிர் வக்கீல் ஒரு காகிதத்தை நீட்டினார். 'குழந்தை அப்பன் வீட்டிலேயே வளரட்டும், எனக்குச் சம்மதம்.' கீழே ஜின்சியின் கையெழுத்து. சாட்சிக்குச் சர்ச்சின் பங்குச் சாமியார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் வக்கீலைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். வழக்கு முடியும் வரை பிள்ளை அப்பனிடம். அம்மா சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பார்க்கலாம், அதுவும் கோர்ட்டு அறையில். தீர்ந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் திரேசியாம்மா ஜின்சியிடம் வெடித்தார். "எங்கடி இருந்துச்சு இந்தக் காகிதம்?"

"அது சாமியார் வீட்டுல எழுதிக் குடுத்தது மேடம். கோயில் காரியம்தானே, கோர்ட்டுக்கு எதுக்குன்னு..."

எங்கள் ஊர்ப் புத்தி இதுதான். எந்தக் குடும்பச் சண்டையும் முதலில் சாமியார் வீட்டுக்குப் போகும். எல்லாரும் அழுவார்கள், காப்பி வரும், ஒரு காகிதத்தில் கையெழுத்து விழும். அங்கே நடந்ததை வெளியே சொன்னால் பாவம் என்று ஒரு நினைப்பு. கேஸ் எடுத்தபோதே ஜின்சியிடம், எங்கேயாவது ஏதாவது எழுதிக் கொடுத்தாயா என்று மூன்று தடவை கேட்டோம், மூன்று தடவையும் இல்லை என்று தலையாட்டினாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் போட்ட கையெழுத்து?"

"போடலன்னா குவைத்துக்கு விடமாட்டோம்னு அவரு வீட்டுல சொன்னாங்க. ரெண்டே வருசத்துக்குத்தான்னு வாயால சொன்னாங்க மேடம்."

"அட பாவி! இத நீ சொல்லியிருந்தா நானே அந்தக் காகிதத்தை முதல்ல நீட்டியிருப்பேனே! வேலைக்குப் போன ரெண்டு வருசத்துக்குத்தான்னு சாமியாரையே கூண்டுல ஏத்திச் சொல்ல வச்சிருப்பேனே! இப்ப யாரு நம்புவா? நீ கள்ளி, நான் புளுகி. உன் மானத்தை என்கிட்ட காப்பாத்தி என்னடி கிடைச்சுது உனக்கு? பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிற!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. கேஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது சிபி நியாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான். பிள்ளை, "அம்மா, நீ வரலையா?" என்றது. ஜின்சி அப்படியே தூணோடு சரிந்து வாயைப் பொத்திக்கொண்டு கதறினாள். சிபியின் அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து உயர்த்தினான். அழுகிறவளைப் படம் பிடித்து, இவளுக்குப் புத்தி சரியில்லை என்று அடுத்த வாய்தாவில் காட்டுவார்கள். எத்தனை கேஸில் பார்த்திருக்கிறோம்!

திரேசியாம்மா திட்டுவதை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தணித்து, "மூளை கெட்டவளே, திமிர் பிடிச்சவளே," என்று சொல்லிக்கொண்டே ஜின்சியின் முன்னால் போய் நின்று, இரண்டு கைகளாலும் தன் கருப்பு அங்கியை அகல விரித்துப் பிடித்தார்.