அங்கிளின் வில்லுக்குச் சந்தனம்

ஹூஸ்டனில் எங்கள் வீட்டு குளோசெட்டில் துணிமணியைவிட வில்கள் அதிகம். அப்பா சேர்த்தவை. மற்ற வீட்டு அப்பாக்கள் சனிக்கிழமையானால் பிள்ளைகளை நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஹில்கிராஃப்ட்டுக்கு தோசை சாப்பிட அழைத்துப் போவார்கள். எங்கள் அப்பா, வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்கிற கராஜ் சேல்களைத் தேடித் தெருத்தெருவாகப் போவார். துருப்பிடித்த கோல்ஃப் மட்டைகளுக்கும் கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் நடுவே எங்காவது ஒரு பழைய வில் சாய்ந்து நின்றால் அவர் முகம் மலர்ந்துவிடும். மரத்தையும் கண்ணாடி இழையையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த அந்தக் காலத்து வில்கள் மட்டும்தான் அவருக்கு வேண்டும். கடைகளில் புதிதாக வருகிற, சக்கரமும் கம்பியும் வைத்த வில்லைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்படி ஏழு சேர்ந்துவிட்டன. கொல்லைப்புறத்தில் வைக்கோல் கட்டு ஒன்றை நிறுத்தி, ஞாயிறு தவறாமல் அம்பு விடுவார். விட்டு முடித்ததும் நாணைக் கழற்றி, மெழுகு தடவித் துடைத்து, உறையில் போட்டுவிடுவார். வேட்டைக்கு மட்டும் போனதில்லை. "ஏழு வில்லு இருக்கு, இந்த வீட்டுல ஒரு கொசு செத்ததில்ல" என்பாள் அம்மா.

டிரக் அங்கிள் இந்த வில் பைத்தியத்தால் கிடைத்தவர். அவருக்கு வேறு பெயர் இருந்தது. பெரிய வெள்ளை டிரக்கில் வருவார் என்பதால் எங்கள் வீட்டில் அவர் டிரக் அங்கிள்தான். அப்பாவின் ஆபீசில்தான் அவரும் வேலை பார்த்தார். ஆனால் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது ஏதோ ஒரு கராஜ் சேலில், ஒரே வில்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றபோது. அப்பா அமெரிக்கா வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் தெரியும். அவர்களோடு பேச்செல்லாம் விசா, கிரீன் கார்டு, வீட்டு விலை. வெள்ளைக்காரரில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மா போட்ட காபியை டம்ளரில் குடித்துவிட்டுப் போகிற ஒரே மனிதர் இவர். அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பத்து வயதில்கூட எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வரப்போகிறார் என்றால் அப்பா இரண்டு தரம் ஹாலைக் கூட்டுவார்.

அந்த வருஷம், தொண்ணூற்றேழு அக்டோபர், அங்கிள் ஒரு வில்லைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். அது அவருடைய அண்ணனின் வில். அண்ணனும் தம்பியுமாக வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போனவர்கள். அண்ணன் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அங்கிளுக்கோ தோளில் ஆபரேஷன் ஆகி, அந்த வில்லை வளைக்க முடியாமல் போய்விட்டது. இந்த ஒரு சீசன் மட்டும் அது அந்தக் காட்டுக்குப் போய்வரட்டும், நீ எடுத்துக்கொண்டு என்னோடு வா என்று அப்பாவைக் கேட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. அப்பா ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. நாங்கள் ஆடும் கோழியும் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் கடையில் வெட்டித் தருவது வேறு, காட்டில் தன் பாட்டுக்கு ஓடுவதைக் கொல்வது வேறு என்பது அம்மாவின் சட்டம். அதிலும் அந்தச் சனிக்கிழமை விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜை.

எங்கள் வீட்டு ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும். கார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், அம்மாவின் தையல் மெஷின், அப்பாவின் கம்ப்யூட்டர், புல் வெட்டுகிற மெஷின், என் கணக்குப் புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. திருஷ்டி சுற்றி உடைக்கச் சாம்பல் பூசணி கிடைக்காது. அக்டோபரில் அமெரிக்காவில் மஞ்சள் பூசணிக்குப் பஞ்சமா? ஹாலோவீனுக்கு விற்பதில் ஒன்றை வாங்கி டிரைவ்வேயில் போட்டு உடைப்போம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் எங்களைப் பயங்கரமானவர்கள் என்று நினைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் ஸ்கூல் விட்டு வந்தபோது அம்மா ஹாலில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஆபீசிலிருந்து வரவில்லை. அங்கிளின் வில்லையும் எடுத்துவரச் சொன்னாள். கொண்டுவந்து உறையைக் கழற்றினேன். நாண் இல்லாமல் அது நடுவில் ஒரு பக்கமாக வளைந்து, பார்ப்பதற்கு வில்லா, கோணல் கம்பா என்று தெரியாமல் இருந்தது. அம்மா முகம் சுளித்தாள்.

"மூளியா இருக்குடி. இப்படி சாமி முன்னாடி வைக்கக் கூடாது. நாண ஏத்து."

அப்பா நாண் பூட்டுவதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தது அவர் முகத்தை, வில்லை அல்ல. எங்கள் இருவருக்கும் வில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தது ஒரே இடத்திலிருந்து. ஹில்கிராஃப்ட் மளிகைக் கடை கொடுத்த காலண்டரில் சாமி கையில் இருக்கிற வில். அது பிறை மாதிரி அழகாக வளைந்திருக்கும். இந்த வில்லும் ஏற்கெனவே ஒரு பக்கம் வளைந்துதானே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அதே பக்கம் வளைத்து நாணை மாட்டினால் தீர்ந்தது என்று முடிவு செய்தோம். அந்த வகை வில்லை, அது வளைந்திருக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக வளைத்துத்தான் பூட்ட வேண்டும் என்பது தெரிந்த ஒரே ஆள் அப்போது ஃப்ரீவேயில் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா ஒரு முனையை சோபாவில் முட்டுக்கொடுத்துப் பிடித்தாள். நான் நடுவில் முழங்காலை வைத்து மறுமுனையை இழுத்தேன். நாண் மாட்டுகிற நேரத்தில் 'சடக்' என்று ஒரு சத்தம். வில் என் கையிலிருந்து துள்ளி, அதன் நுனி என் தாடையில் அடித்தது. வில்லை முறித்தவருக்குக் கல்யாணம் நடந்ததாகக் கதை கேட்டிருக்கிறேன். எனக்கு ரத்தம்தான் வந்தது.

அம்மா முதலில் என் தாடையைத்தான் பார்த்தாள். மஞ்சள் தூளை வைத்து அழுத்தி, அதன்மேல் பேண்ட் எய்ட் ஒட்டினாள். அப்புறம்தான் வில்லைப் பார்த்தோம். மேல்பாதியில், ஒரு விரல் நீளத்துக்கு, கண்ணாடி இழை மரத்தை விட்டுப் பிரிந்து கோடாக விரிசல். உடையவில்லை. அழுத்தினால் மூடிக்கொண்டது, விட்டால் லேசாகத் திறந்தது. அம்மா வேகமாக சூப்பர் குளூவை எடுத்துத் தடவினாள். காய்ந்ததும் அதன்மேல் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள். விரிசல் இருந்த இடம் தெரியவில்லை. ஏழு வில்லுக்கும் புள்ளி மாதிரி பொட்டு, இதற்கு மட்டும் பட்டை.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். நான் சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்பதால் அன்றைக்கு ஆபத்தில்லை. விரிசல் விட்ட வில் அம்பு விடாது, அவ்வளவுதான், ஒரு மான் பிழைக்கும், இது சாமி செய்த காரியம் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட வில்லை முழுக்க இழுத்தால் முகத்துக்கு நேரே தெறித்து ஆளைக் குருடாக்கிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அப்பா வந்தார். தாடையில் என்ன என்றார். சைக்கிளில் இருந்து விழுந்தேன் என்றேன். அங்கிளின் வில்லுக்கு மட்டும் ஸ்பெஷல் அலங்காரமா என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மா பொரியை மும்முரமாகக் கலந்தாள்.

மறுநாள் காலை பூஜை முடிந்து, சொன்னபடி பத்து மணிக்கு வெள்ளை டிரக் வந்தது. அம்மா எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வாயெடுப்பதும் அடுப்படிக்குப் போவதுமாக இருந்தாள். அங்கிள் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பூஜை வரிசையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். புல் வெட்டும் மெஷின் நெற்றியில் பொட்டு இருந்ததைப் பார்த்துக்கூட அவர் சிரிக்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள் எங்களுக்குச் சோறு போடுகிற கருவிகளைக் கும்பிடுவோம் என்று அப்பா விளக்கினார். வில்லை எடுத்து, சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார்.

பழைய வில்லைப் பூட்டுவதற்கு முன்னால் பஞ்சால் தடவிப் பார்ப்பது வழக்கமாம். எங்காவது சிலாம்பு இருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். அங்கிள் பஞ்சு கிடைக்குமா என்று கேட்டார். அப்பா என்னைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்தது விளக்குத் திரிக்கு வைத்திருக்கிற பஞ்சுதான். அதை நானே என் கையால் கொண்டுவந்து கொடுத்தேன்.

கீழ்ப்பாதியில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. மேல்பாதியில் பாதித் தூரம் போய் நின்றது. அங்கிள் கையை எடுத்தார். வில்லின் மேல் ஒரு வெள்ளை நூல் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடியது. அவர் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்தினார். பசை விட்டு விரிசல் திறந்தது.

அப்பா விரிசலைப் பார்த்தார். காய்ந்த பசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அங்கிள் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"இட் வாஸ் மீ. நேத்து அவசரத்துல நான் திருப்பிப் பூட்டிட்டேன். ஐம் சாரி." பதற்றத்தில் பாதி தமிழில் வந்துவிட்டது. அதையே மறுபடி இங்கிலீஷில் சொன்னார்.

அப்பா அந்த மாதிரி நின்று நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடி வாங்கப் போகிற பையனைப்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் கொஞ்ச நேரம் வில்லையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, என்னிடம் தாடையில் என்ன அடி என்று கேட்டார். சைக்கிள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான், தன் அண்ணனும் ஒரு வில்லை இப்படிக் கெடுத்திருக்கிறான் என்றார். இனி இது காட்டுக்கு வேண்டாம், இங்கேயே உங்கள் சாமி பக்கத்தில் இருக்கட்டும் என்று அதைப் பழைய இடத்திலேயே வைத்தார். அப்பா தன் வில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரோடு போனார். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார்கள். மான் வந்ததாம், அப்பா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம். அம்மா இதைப் பூஜையின் பலனாகவே வைத்துக்கொண்டாள்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கிள் அப்பா சொன்னதை நம்பிவிட்டார், வெள்ளைக்காரர்களை ஏமாற்றுவது சுலபம் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் வந்தார். பொரியைக் கைநிறைய அள்ளித் தின்பார். ஒவ்வொரு முறையும் என்னிடம் சைக்கிள் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். இருக்கிறது என்று நானும் சமர்த்தாகப் பதில் சொல்வேன்.

காலேஜில் வில்வித்தை வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே, வில்லைத் திருப்பிப் பூட்டினால் அது துள்ளி வந்து முகத்தில்தான் அடிக்கும் என்று சொல்லி, பாடம் எடுத்தவர் தன் தாடையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார். என் கை தானாக என் தாடைக்குப் போனது. அன்றைக்கு அப்பாவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வகுப்பு முடிந்ததும் அவருக்குப் போன் செய்து, அங்கிளுக்கு அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். அப்பா சிரித்தார்.

"அவர் காட்டுல ஒரு சொட்டு ரத்தத்த வச்சே மான் எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்ற ஆளும்மா. நீ எதிர்லயே பேண்ட் எய்டோட நின்ன."