காதுக்குப் பின்னால் ஒரு கோடு

அது ஒரு வியாழக்கிழமை. அம்மா இன்றைக்கும் வெள்ளி என்றுதான் சாதிப்பார். ஆனால் அன்றிரவு மீன்குழம்பு சாப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்குள் மீன் நுழையாது. ஆகவே வியாழன்.

எனக்கு எட்டு வயது. வகுப்போடு அருங்காட்சியகத்துக்குத் துணைவரப் பெற்றோர் வேண்டுமென்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு அப்பா வந்தார், லோயரைப் பார்க்கப் போகும்போது மட்டும் போடுகிற சூட்டைப் போட்டுக்கொண்டு. வாசலில் அம்மா என் ஜாக்கெட்டின் பொத்தான்களைப் பூட்டிவிட்டார்.

"அங்க ஒண்டிலையும் கை வையாதை பிள்ளை. அப்பான்ர கேஸ் இன்னும் முடியேல்லை. விசா வரவேணும்."

இரண்டுக்கும் என்ன தொடர்பென்று நான் கேட்கவில்லை. எதையாவது உடைத்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நானாகவே விளங்கிக்கொண்டேன்.

ஆனால் அங்கே கை வைக்கத்தான் சொன்னார்கள். மெத்தை விரித்த மேசையில் வைத்து, அருங்காட்சியகப் பெண்மணி ஒரு சின்னப் போத்தலை என்னிடம் தந்தார். ரோமர் காலத்துக் கண்ணாடி, கி.பி. முதலாம் நூற்றாண்டு. உப்பிய கன்னங்களோடு ஒரு குழந்தை முகம். நினைத்ததைவிட இலேசாக இருந்தது. திருப்பினேன். காதுக்குப் பின்னால், கழுத்திலிருந்து அடிவரை ஒரு கோடு.

"அப்பா, வெடிச்சுப் போச்சு."

அப்பா குனிந்து பார்த்தார். உடனே கையை நீட்டினார்.

"இஞ்ச தா. நீ தள்ளி நில்."

போத்தலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பெண்மணியிடம் போனார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தான்தான் உடைத்ததாகவும் பிள்ளை தொடவேயில்லை என்றும் சொன்னார்.

பெண்மணி சிரித்துவிட்டார். இரண்டு பாதியாகச் செய்த அச்சைச் சேர்த்து மூடி, குழாய் நுனியில் எடுத்த உருகிய கண்ணாடியை அதற்குள் விட்டு ஊதுவார்களாம். கண்ணாடி ஊதிப் பெருத்து அச்சின் சுவரெல்லாம் ஒட்டும். அச்சைத் திறந்தால் முகம். பாதிகள் சேர்ந்த இடத்தில் மட்டும் இப்படியொரு கோடு விழுந்துவிடும். வெடிப்பே இல்லை.

வகுப்பே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் போத்தலை மெத்தையில் வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வீடு திரும்பும் ரயிலில் பகிடி விட்டார்.

"ரெண்டாயிரம் வருசமா உடையாதது, உன்ர கையிலயோ உடையப்போகுது?"

"நீங்களும் நம்பினீங்கள்தானே?"

"ஓம்," என்றார். "நம்பினன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முறைப்பாடு வைத்தேன்.

"அம்மா, அப்பா பொய் சொன்னவர். நான் வச்சிருந்த போத்திலை, தானே உடைச்சதெண்டு அந்த மிஸ்ஸிட்டச் சொன்னவர்!"

அம்மா அப்பாவைப் பார்த்தபடி நின்றார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. இரவுச் சாப்பாட்டில், பொய் சொன்னவருடைய சோற்றுக் கோப்பையில் நடுத்துண்டு மீன் விழுந்தது. உண்மை சொன்ன எனக்கு வால்.

அநியாயம் என்று நான் அழுதேன்.