கோபக்காரியைத் தேடிப் போன ஸ்வர்ணா

ஸ்வர்ணாவின் தொழில் ஆள் பிடித்துக் கொடுப்பது. ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த சின்ன ஏஜென்சியில் வேலை. ஈஸ்ட் டாமாக்கிக் கிடங்குகளுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள், மேற்பார்வையாளர்கள் என்று வருடக்கணக்காகத் தேடித் தந்துகொண்டிருந்தாள். மதுரைக்காரி. மாணவர் விசாவில் நியூசிலாந்து வந்து, அதே ஈஸ்ட் டாமாக்கியில் பிஸ்கட் பெட்டிகள் அடுக்கி, பிறகு இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவள். பெரிய படிப்பு இல்லை. ஆனால் யாரைக் கண்டாலும் எதையாவது கேட்காமல் அவளால் இருக்க முடியாது. "டெய்ரிக்குப் பால் வாங்கப் போனா, கடைக்காரர் குடும்பக் கதையையும் சேத்து வாங்கிட்டு வர்றா" என்பார் அவள் கணவர் தண்டபாணி.

மே மாதத்தில் ஒரு காலை அவளுக்கு ஒரு போன் வந்தது.

"வணக்கம், சில்வெஸ்ரர் கதைக்கிறன். எங்களுக்கு அவசரமா ஒரு அதிபர் வேணும்."

ஸ்வர்ணா ஒரு கணம் திகைத்தாள். "எந்த நாட்டுக்கு சார்?"

மறுமுனையில் வெடித்துச் சிரித்தார். "பள்ளிக்கூடத்துக்குத் தங்கச்சி. உங்கட பக்கத்தில தலைமையாசிரியர் எண்டுவினம்."

சில்வெஸ்ரர் மன்னாரில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் நியூசிலாந்து வந்தவர். இப்போது வழக்கறிஞர். பதின்வயதில் பார்வை முழுதாகப் போய்விட்டது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் படித்தார். இன்று அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இரண்டு தடவை விளம்பரம் கொடுத்தும் தலைமைக்குத் தகுந்த ஆள் அமையவில்லை. அவருடைய கட்சிக்காரர் ஒருவர் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தார். அவர்தான் ஸ்வர்ணாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"எனக்குக் கண் தெரியாதவங்க யாரோடயும் பழக்கம் இல்ல சார்" என்றாள் ஸ்வர்ணா. "பள்ளிக்கூடத்துக்கு ஆள் பாத்ததும் இல்ல."

"நல்லது. தெரிஞ்ச ஆக்கள் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிச்சிட்டினம். தெரியாத ஒராள் வந்து கேக்கட்டும். இந்த சார், மோர் எல்லாம் வேண்டாம்."

பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நா எழவில்லை. அண்ணா என்றே கூப்பிடத் தொடங்கினாள்.

பள்ளிக்குப் போன முதல் நாள் அவள் நினைத்து வந்தது எதுவும் அங்கே இல்லை. வரிசையாக பெஞ்சுகளும் நிறையப் பிள்ளைகளும் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். கட்டடத்தில் இருந்தவர்கள் ஒரு சில பிள்ளைகள்தான். மற்ற எல்லாரும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் படிக்கிறார்கள்; இங்கிருந்து ஆசிரியர்கள் காரில் அவர்களைத் தேடிப் போகிறார்கள். நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற ஒரு பள்ளி. அதை ஒரே ஆள் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பதே அவளுக்கு வியப்பாக இருந்தது.

சில்வெஸ்ரரிடம் கேள்விகளை அடுக்கினாள். காபி தானே போடுவீர்களா, சட்டை நிறம் எப்படித் தெரியும், கனவில் என்ன வரும். கேட்ட பிறகு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவர் எல்லாவற்றுக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். கனவைப் பற்றி மட்டும், "அதை இன்னொரு நாள் கதைப்பம்" என்றார்.

இரண்டாவது விளம்பரத்துக்கு வந்தவர்களில் ஒருவர் மிச்சம் இருந்தார். க்ரெய்க் என்ற வெள்ளைக்காரர், பெரிய பள்ளிகளை நடத்திய அனுபவம் உள்ளவர். அவருடைய நேர்காணலில் ஸ்வர்ணாவும் உட்கார்ந்தாள். கணீரென்ற குரல், தடுமாறாத பேச்சு. அவர் போனதும் ஸ்வர்ணா, "நல்லாத்தானே அண்ணா பேசினாரு?" என்றாள்.

"ஓம், நல்லாத்தான் கதைச்சவர். ஆரோட கதைச்சவர்?"

ஸ்வர்ணா யோசித்தாள். கேள்வி கேட்டதெல்லாம் சில்வெஸ்ரர். ஆனால் க்ரெய்க்கின் முகம் கடைசி வரை தன் பக்கமே திரும்பியிருந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எனக்கு முகம் தெரியாது. ஆனா குரல் எந்தப் பக்கம் போகுது எண்டு தெரியும்" என்றார் அவர். "கெட்ட மனுசன் இல்லை. இஞ்ச சரிவராது, அவ்வளவுதான்."

கிடங்குகளுக்கு ஆள் தேடும்போது ஸ்வர்ணாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்களிடம் தனியாகப் போய், "உங்கள் வேலையைக் குறை சொன்னவர்களில், சொன்னது சரிதான் என்று உங்களுக்கே தோன்றியது யார்?" என்று கேட்பாள். அதையே இங்கேயும் செய்து பார்க்க நினைத்தாள். பள்ளியில் பணிபுரிந்த ஸ்ரெல்லா என்ற யாழ்ப்பாணத்து ஆசிரியையோடு ஒரு நாள் காரில் போனாள். டிக்கியில் பிரெயில் தட்டச்சு இயந்திரம், பின் சீட்டில் தடிமனான பிரெயில் புத்தகங்கள். மவுண்ட் ரோஸ்கில் சிக்னலில் நிற்கும்போது கேள்வியைக் கேட்டாள்.

பச்சை விழுந்து கார் நகர்ந்ததும் ஸ்ரெல்லா, "சினா" என்றார். "இந்த ரோட்டில இருக்கிற ஹைஸ்கூலில துணை அதிபர். சமோவா ஆள். அந்தப் பேரைக் கேட்டாலே எனக்குப் பிடிக்காது."

"அப்படி என்ன செஞ்சாங்க அக்கா?"

"அவவின்ர ஸ்கூலில எங்கட பெடியன் ஒருத்தன் படிச்சவன். கிழமையில ஒருக்கா நான் போய் அவனை வகுப்பால வெளியில கூட்டிக்கொண்டு வந்து பிரெயில் படிப்பிப்பன். அது விஞ்ஞானப் பாட நேரம். அசிட், நெருப்பு எண்டு ஆபத்துத்தானே, அவன் வெளியில இருக்கிறது நல்லம் எண்டு நினைச்சன். ஒரு நாள் இந்த மனுசி கதவில வந்து நிண்டு, 'இவன் ஒரு வருசமா ஒரு சோதனைகூடச் செய்யேல்லை, உங்களுக்குத் தெரியுமா?' எண்டு கேட்டா. எனக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் கேக்கேல்லை."

"அப்புறம்?"

"அடுத்த கிழமை அவனை லாப்பில நிப்பாட்டிப்போட்டா, தானும் பக்கத்தில நிண்டு. ஹைட்ரஜன் சோதனை. குழாய்க்குள்ள வாயுவைப் பிடிச்சு, எரியிற குச்சியைக் கிட்டக் கொண்டுபோனா கீச்செண்டு ஒரு வெடிச் சத்தம் வரும். சத்தம்தான் விடை. அதுக்குக் கண்ணே தேவையில்லை." ஸ்ரெல்லா பெருமூச்சு விட்டார். "பிறகு எங்கட நிர்வாகக் குழுவின்ர கூட்டத்துக்கு வந்து எல்லாருக்கும் முன்னால ஏசினா. பிள்ளைகளைப் பாதுகாக்கிறம் எண்டு சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலயே வைச்சிருக்கிறீங்கள் எண்டு. அவ சொன்னது சரி. அதுதான் எனக்குக் கோவம்."

ஸ்வர்ணாவுக்கு அன்று முழுவதும் வேறு நினைப்பே ஓடவில்லை. மறுநாளே சினாவுக்குப் போன் செய்து, பள்ளி முடியும் நேரத்தில் நேரில் போய்ப் பார்த்தாள். சினா உயரமானவர், தலைமுடியை அள்ளிச் செருகியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஆங்கிலத்தில் பட்டென்று மறுத்துவிட்டார்.

"எனக்கு பிரெயில் தெரியாது. அந்தத் துறையில் படித்தவளும் இல்லை. அதோடு அங்கே யாருக்கும் என்னைப் பிடிக்காது."

"பிடிக்காதுதான். என்னிடமே சொன்னார்கள்" என்றாள் ஸ்வர்ணா. "ஆனால் நீங்கள் சொன்னது சரி என்றும் சொன்னார்கள்."

சினாவின் புருவம் உயர்ந்தது. "யார் சொன்னது?"

"ஸ்ரெல்லா."

சினா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "முந்தைய இரண்டு தலைமையாசிரியர்களும் ஏன் நிலைக்கவில்லை என்று உங்கள் குழு யோசித்ததா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தாள் ஸ்வர்ணா.

சில்வெஸ்ரரிடம் சினாவின் பெயரையும் அவர் கேட்ட கேள்வியையும் சொன்னபோது அவர் முகம் இறுகியது. "அந்தக் குரலை நான் மறக்கேல்லை. என்ர கூட்டத்தில, என்ர பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்பிடிச் சொன்னவ. நான் படிச்ச இடம் அது, தெரியுமோ?"

"தெரியும் அண்ணா. நீங்க படிக்கும்போது லாப்ல சோதனை செஞ்சீங்களா?"

கேட்ட பிறகுதான் கேள்வி எவ்வளவு கூர்மை என்று ஸ்வர்ணாவுக்குப் புரிந்தது. "இல்லை" என்றார் அவர். "சரி. நாளைக்கு என்னை அங்க கூட்டிக்கொண்டு போங்கோ. வரச்சொல்லிக் கேக்கிறதுக்கு இல்லை. சண்டை பிடிக்கிறதுக்கு."

மறுநாள் தன் ஹைஸ்கூல் வாசலுக்கே வந்து அவர்களை எதிர்கொண்டார் சினா. வந்ததும் சில்வெஸ்ரரின் கையை இறுகப் பற்றி இழுத்துக்கொண்டு நடக்கப் பார்த்தார். அவர் நின்றுவிட்டார்.

"என்னை இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன்."

சினா வெட்கப்படவும் இல்லை, நெளியவும் இல்லை. "அப்படியா? காட்டுங்கள், எப்படி?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். படி வந்தால் சொல்ல வேண்டுமா, நின்றாலே போதுமா, கதவை யார் திறப்பது என்று அலுவலக அறை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

ஸ்வர்ணா மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சண்டை நன்றாகவே நடந்தது. பிரெயில் படிக்கத் தனி நேரம் இல்லாவிட்டால் பிள்ளை எழுத்தறிவே இல்லாமல் போகும் என்றார் சில்வெஸ்ரர். அந்த நேரத்தை ஏன் விஞ்ஞானத்திலும் விளையாட்டிலும் இருந்து எடுக்கிறீர்கள் என்றார் சினா. இருவர் குரலும் உயர்ந்தது. அந்த அறையில் ஸ்வர்ணா என்று ஒருத்தி இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. அது தெரிந்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

காரில் திரும்பும்போது சில்வெஸ்ரர், "விண்ணப்பிக்கச் சொல்லுங்கோ" என்றார். "நான் வாக்குக் குடுப்பன் எண்டு மட்டும் நினைக்க வேண்டாம்."

நேர்காணல் ஜூலையில் நடந்தது. அந்தப் பள்ளியில் பிள்ளைகளும் கேள்வி கேட்பது வழக்கம். மியா என்ற மூத்த மாணவி, "எங்கள் பள்ளியில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்டாள். முன்பு வந்தவர்கள் எல்லாரும் சிரித்து மழுப்பிய கேள்வி அது.

"உங்களை எங்கே போனாலும் டாக்ஸியில் ஏற்றி இறக்குகிறார்கள். பஸ்ஸைத் தவறவிடக்கூட உங்களுக்கு வாய்ப்பு இல்லை" என்றார் சினா.

"நான் இன்றைக்கு பஸ்ஸில்தான் வந்தேன்" என்றாள் மியா, கொஞ்சம் கோபமாக.

"நிஜமாகவா? அப்படியானால் நான் சொன்னது தப்பு. இறங்கும் இடம் எப்படித் தெரிந்தது?"

மியா சொல்லத் தொடங்கினாள். ரவுண்டானாவில் பஸ் சாய்கிற விதம், அதற்கடுத்துச் சாலையில் வருகிற இரண்டு மேடு, பேக்கரி வாசனை. சினா இடைமறித்து, "ஞாயிற்றுக்கிழமை பேக்கரி மூடியிருந்தால்?" என்றார். மியா சிரித்துவிட்டாள். ஒதுக்கிய நேரம் தாண்டியும் இருவரும் பேச்சை நிறுத்தவில்லை.

குழுவில் ஒருவர், சிறப்புக் கல்வி படிக்காதவரைத் தலைமையில் வைப்பது ஆபத்து என்று கடைசி வரை எதிர்த்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில்வெஸ்ரர் கடைசியாக வாக்களித்தார். பிரெயிலை விரலால் படிக்கக் கற்க வேண்டும், கண்ணால் பார்த்துப் படிப்பது கணக்கில் வராது என்ற நிபந்தனையோடு தன் வாக்கைச் சினாவுக்கே தந்தார்.

சினா புத்தாண்டுக்குப் பிறகு பொறுப்பேற்றார். முதல் பருவம் முழுக்க ஒவ்வோர் ஆசிரியர் காரிலும் ஏறி, ஒவ்வொரு பிள்ளையின் வகுப்பிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். நேர அட்டவணைகளை மாற்றினார். ஸ்ரெல்லா இப்போது பிள்ளைகளோடு லாப்புக்குள்ளேயே நின்று பிரெயில் சொல்லிக்கொடுக்கிறார். முதலில் முணுமுணுத்தவர், பிறகு தானாகவே பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டார்.

எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஜூடித் என்ற மூத்த ஆசிரியை இந்த மாற்றங்களைத் தாங்க மாட்டாமல் விலகிக்கொண்டார். பிரெயில் கற்பிப்பதில் அவருக்கு இணையாக அங்கே யாரும் இல்லை. சினா ஸ்வர்ணாவைக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது.

"அவசரப்பட்டுவிட்டேன். அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். வேறு ஆள் தேட முடியுமா?"

"தேடுகிறேன்" என்றாள் ஸ்வர்ணா. வேறு ஆளைத் தேடவில்லை. அந்தச் சனிக்கிழமை நேரே ஜூடித்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான் திரும்பி வருவதாக இல்லை" என்றார் ஜூடித், கதவைத் திறந்தபடியே.

"வரச்சொல்லிக் கேட்க வரவில்லை. ஏன் போனீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்."

ஜூடித் சொன்னார். முதலில் வாசலில் நின்றபடி, பிறகு சமையலறையில், தேநீர் ஆறிப்போகும்வரை. சின்னப் பிள்ளைகளுக்கு அமைதியான ஓர் அறையும் இடைஞ்சலில்லாத ஒரு மணி நேரமும் வேண்டும். கூச்சலுக்கு நடுவே புள்ளிகளைத் தடவிப் படிக்கக் கற்க முடியாது. அதைச் சொல்ல வந்தபோது யாரும் காது கொடுக்கவில்லை. ஸ்வர்ணா கேட்டதை அப்படியே சினாவிடம் போய்ச் சொன்னாள். சினா மறுவாரமே ஜூடித்தின் வீட்டுக்குப் போனார். இப்போது சின்னப் பிள்ளைகளுக்காக அந்த அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஜூடித் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். சினாவோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் அவருக்கு விரலால் பிரெயில் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறவர் ஜூடித்தான்.