தலைமாட்டு ஜன்னல்

ரிஃப்கியின் மனைவி பெரிஹான் படகைவிட்டு இறங்கிப் போனதற்கு போஸ்புருன் படகுத்துறையில் எல்லோரும் ஒரே காரணம்தான் சொல்வார்கள். அவள் தலைமாட்டு ஜன்னல் ஒழுகியது. அதற்குமேல் ஏதாவது இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

வீட்டை விற்று ‘மார்ட்டி’ என்ற அந்தப் படகை வாங்கியபோது ரிஃப்கிக்கு நாற்பது வயது. படகுக்கும் ஏறக்குறைய அதே வயது. பைன் மரம், நான்கு அறை. கோடையில் பயணிகள் வருவார்கள், பெரிஹான் சமைப்பாள். கடைசிப் பயணி போனபின் இருவரும் பின்பக்க அறையில் குளிர்காலத்தைக் கழிப்பார்கள். முதல் மழையிலேயே ஜன்னலின் கீழ்மூலையில் ஒரு சொட்டு திரளும். முதல் வருடம் பெரிஹான் அங்கே ஒரு கிண்ணம் வைத்தாள். அடுத்த வருடம் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டாள். ரிஃப்கி மாற்றவில்லை. இரண்டு குளிர்காலம் ஒருவர் பாதத்தை ஒருவர் பார்த்தபடி தூங்கினார்கள். பிறகு, கல்யாணத்தில் வந்த கம்பளி மெத்தையில் பூசணம் பிடித்தது. அதை மேல்தளத்தில் வெயிலுக்கு விரித்துப் போட்டுவிட்டு, அன்றே இஸ்மிரில் தங்கை வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டாள். நாலாவது மாடி.

“அது நின்னா சொல்லு” என்று மட்டும் சொன்னாளாம்.

ஒவ்வொரு அக்டோபரிலும் ரிஃப்கி அதை நிறுத்தினான். ஒரு குழாய் சிலிகான் பசை வாங்குவான், போன வருடப் பூச்சின் மேலேயே பிதுக்கி விரலால் தேய்ப்பான், அவளுக்குப் போன் செய்வான். துறையில் எல்லோரும் அப்படித்தான் ஒழுகலை அடைப்பார்கள். முதல் தடவை நம்பி வந்தாள். இரண்டாம் நாள் மழையில் நெற்றியில் சொட்டு விழுந்தது. அதற்கப்புறம் அவன் சொல்லும்போதெல்லாம் “சரி” என்பாள். வரமாட்டாள்.

“ரிஃப்கி, அதுல கண்ணாடி எங்கய்யா இருக்கு? ஒரே பசையா தெரியுது” என்பான் டீக்கடை ஃபிக்ரெத்.

“உனக்கென்னடா, உன் பொண்டாட்டி ஓட்டு வீட்டுக்குள்ள படுத்திருக்கா.”

அவள் போன ஐந்தாம் வருடம் பெரிஹானின் அண்ணன் மகளுக்கு மர்மாரிஸில் கல்யாணம் வைத்தார்கள். அந்த ஞாயிறு ரிஃப்கி என் பட்டறைக்கு வந்தான். நான் இங்கே படகுத் தச்சன். அந்த ஜன்னலை அதுவரை அவன் என்னிடம் காட்டியதே இல்லை.

“மேஸ்திரி, வெள்ளிக்கிழமை வர்றா. ஒரு ராத்திரி படகுல தங்குவாளாம்.”

“அவளே சொன்னாளா?”

“ஜன்னல் ஒழுகறது நின்னிருந்தா தங்கறேன்னு சொன்னா.”

படகுக்குப் போய் ஜன்னல் சட்டத்தைக் கழற்றினேன். ஐந்து வருட சிலிகான் ஆரஞ்சுத் தோல் மாதிரி உரிந்து வந்தது. தண்ணீர் ஜன்னல் வழியாக வரவே இல்லை. மேலே கூரை மூட்டில் நுழைந்து சட்டத்துக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. வெளியே போகிற வழியையும் அவன் அடைத்துவிட்டதால் எல்லாமே உள்ளே வந்திருக்கிறது. அடிக்கட்டை நனைந்த ரொட்டி மாதிரி உளியில் ஒட்டியது.

“நீ தண்ணிய வெளிய நிறுத்தலடா. உள்ள பூட்டி வச்சிருக்க.”

அவன் மரத்தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூரை மூட்டை அடைத்து, அழுகலை வெட்டி, புது மரம் பொருத்தி, விளக்கு வைத்து உலர்த்தவே புதன் ஆகிவிட்டது. இடுக்கை அடைக்கும் மக்கு தடவிச் சட்டத்தை வைத்தேன். சுற்றிலும் மக்கு ஒரு நூல் எட்டிப்பார்க்கும்வரை மட்டும் திருகாணிகளைத் திருகினேன்.

“இனி பத்து நாள் கை வைக்காத. இப்பவே இறுக்கினா மக்கெல்லாம் பிதுங்கி வெளிய வந்துடும். நடுவுல ஒண்ணும் மிஞ்சாது.”

“வெள்ளிக்கிழமை மழைங்கறாங்க.”

“பேஞ்சா கொஞ்சம் கசியலாம்.”

“இறுக்கிட்டா?”

“இந்த மழைக்கு நிக்கும். ஜனவரியில ஒழுகும்.”

“ஜனவரி யாருக்கு வேணும் மேஸ்திரி? அவ வர்றது வெள்ளிக்கிழமை.”

திருப்புளி அவன் கையில் இருந்தது. நான் பிடுங்கவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வெள்ளி மதியம் பெரிஹான் வந்தாள். முடி நரைத்திருந்தது, சாயம் போடவில்லை. என்னைக் கண்டதும், “மேஸ்திரி, இன்னும் இவன்கூடத்தான் மாரடிக்கறீங்களா?” என்றாள். டீ குடிக்க என்னையும் ஏறச் சொன்னாள். படியில் நின்றே கேட்டாள்.

“நின்னுடுச்சா?”

ரிஃப்கி கோப்பையைக் கீழே வைத்தான். “இல்ல. இன்னும் ஒரு வாரம் ஆகும்.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அறைக்குள் போனாள். எட்டிப்பார்த்தேன். திருகாணித் தலைகள் நான் விட்ட இடத்திலேயே நின்றன. பெரிஹான் படுக்கையில் முழங்காலூன்றி, ஓரத்தில் தெரிந்த மக்கை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

“அப்ப நான் மர்மாரிஸ்லயே தங்கிக்கறேன்” என்றாள். கோபம் தெரியவில்லை.

ஊர்வழக்கப்படி, போகிறவர் திரும்பி வரட்டும் என்று ரிஃப்கி ஒரு சொம்புத் தண்ணீரை அவள் ஏறிய பேருந்துக்குப் பின்னால் ஊற்றினான். அவள் ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டினாள்.

“போதும் ரிஃப்கி. உன் தண்ணிய நிறையவே பாத்தாச்சு.”

ஃபிக்ரெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேருந்து திரும்பும்வரை ரிஃப்கி காலிச் சொம்போடு நின்றான்.

அன்று மழை பெய்யவே இல்லை.

பத்து நாள் பொறுத்து, நான் போவதற்குள் அவனே திருகாணிகளை இறுக்கி முடித்திருந்தான். நவம்பர் நடுவில் ஒரு மதியம் மழை பிடித்தது. ரிஃப்கி என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். போனபோது அறையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். தலையணை, தலைமாட்டிலேயே. இரண்டு மணி நேரமாக அடிக்கிறது, விரிப்பில் ஒரு புள்ளி இல்லை. அவன் போனை எடுத்து எண்ணை அழுத்தினான். அவள் குரல் எனக்கும் கேட்டது.

“என்ன சத்தம் அங்க?”

“மழை.”

“தெக்குக் காத்தா?”

“ஆமா. நேரா ஜன்னல்லதான் அடிக்குது.”



“போனை அங்க வை” என்றாள்.

தலையணைமேல் வைத்தான். கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது. அவன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு போனையே பார்த்தபடி இருந்தான். அவளும் போனைத் துண்டிக்கவில்லை. நான் சத்தமில்லாமல் படியேறி வெளியே வந்தேன்.