கொஞ்சம் கவலையா இருக்கு

எங்க அண்ணிக்குச் சம்பளம் கொடுக்கறதே அவங்க சொந்தமா ஒரு வார்த்தை பேசாம இருக்கறதுக்குத்தான். நாங்க பிழைக்க வந்த இந்த வெளிநாட்டுல, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளர் வேலை. டாக்டர் இங்கிலீஷ்ல சொன்னதைத் தமிழ்ல சொல்லணும், நோயாளி தமிழ்ல சொன்னதை இங்கிலீஷ்ல சொல்லணும். கூட ஒண்ணு சேர்க்கவும் கூடாது, ஒண்ணை விடவும் கூடாது. நான் அதே ஆஸ்பத்திரியோட கீழ்த்தளத்துல, துணி வெளுக்கிற இடத்துல படுக்கை விரிப்பு மடிக்கிறவ. வேலை முடிஞ்சு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பஸ்ல திரும்புவோம். எனக்கு இடுப்பு விட்டுப் போயிருக்கும், அவங்களுக்குத் தொண்டை. பஸ்ல நாங்க பேசிக்கவே மாட்டோம். பேச யாருக்குத் தெம்பு இருக்கு?

இந்த வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி ஒரு வகுப்புக்குப் போனாங்க. இங்கிலீஷ் பேசறவங்க எப்படியெல்லாம் சுத்தி வளைப்பாங்கன்னு அங்க ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிக் கொடுத்தாங்க. உவமை, உருவகம், மிகைப்படுத்தறது, பதிலை எதிர்பார்க்காத கேள்வின்னு அது பாட்டுக்குப் போகும். அண்ணி வீட்டுக்கு வந்து எங்க மேலேயே பரீட்சை வைப்பாங்க. "இந்த வீட்டுல மனுஷனுக்கு ஒரு டீ கிடைக்குமா?"ன்னு அண்ணன் கேட்பான். இது பதிலை எதிர்பார்க்காத கேள்வின்னு சொல்லிட்டு அண்ணி உட்கார்ந்த இடத்துலேயே இருப்பாங்க. அவனே சிரிச்சுக்கிட்டு எழுந்து போய் போட்டுக்குவான். அம்மா மூணு மாடி ஏறி வந்து, உயிரே போயிடுச்சுன்னு மூச்சு வாங்கினா, அதுக்கும் ஒரு பேர். அம்மாவுக்குப் பத்திக்கிட்டு வரும். முட்டி வலிக்கிறது எனக்கு, பேர் வைக்கிறது இவளான்னு என் காதைக் கடிப்பா.

கெட்ட சேதியை நல்ல வார்த்தை போட்டு மூடறதுக்கும் ஒரு பேர் இருக்குன்னாங்க. எங்களுக்குத் தெரியாததா, பூசி மெழுகறதுன்னு பேர்னு நான் சொன்னேன். வாசல்ல நின்னு 'போறேன்'னு சொன்னா எங்க அம்மா விடுவாளா? 'போயிட்டு வரேன்'னு சொன்னாத்தான் கதவைத் திறப்பா. அதை அண்ணி வகுப்புல போய்ச் சொல்ல, அந்த டீச்சருக்கு ஒரே சந்தோஷமாம்.

அவங்களைப் படுத்தி எடுத்தது வேற ஒண்ணு. அண்டர்ஸ்டேட்மென்ட். பெரிய விஷயத்தைச் சின்னதாக்கிச் சொல்றது. நம்ம ஆளுங்களுக்கு அது சுத்தமா வராது. நமக்குத் தலைவலின்னா தலை வெடிக்கும், பசின்னா குடலைப் பிடுங்கும். ஒருத்தர் வலி உயிர் போகுதுன்னு சொன்னதை அண்ணி அப்படியே சொல்லப் போக, டாக்டர் அரண்டு போய் ஏகப்பட்ட டெஸ்ட் எழுதிட்டாராம். கடைசியில பார்த்தா வெறும் வாயு.

டாக்டருங்க நமக்கு நேர் எதிர். பெரிய டாக்டர் வந்து 'கொஞ்சம் கவலையா இருக்கு'ன்னு சொன்னா, சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக்கோன்னு அர்த்தம். அதைத் தமிழ்ல கேட்கற குடும்பம், கொஞ்சம்தானேன்னு நிம்மதியா வீட்டுக்குக் கிளம்பும். அண்ணி பார்த்துக்கிட்டு நிக்கணும். ஒரு தடவை மனசு கேட்காம, போகாதீங்கன்னு சொல்லிட்டாங்க. மேலதிகாரி கூப்பிட்டு, அது உன் வேலை இல்லைன்னு கண்டிச்சார். அதுக்கப்புறம் வாயைக் கட்டிக்கிட்டாங்க. அந்த மாதிரி நாள்ல வீட்டுக்கு வந்தா செருப்பைக் கூடக் கழட்டாம நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க. எனக்கு எரிச்சலா வரும். நானும்தான் நாளெல்லாம் நின்னுட்டு வரேன், இவங்களுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு அலுப்புன்னு பாத்திரத்தை நங்குன்னு வைப்பேன்.

அப்புறம் அண்ணன் படுத்துட்டான். நுரையீரல். இருமல்தானேன்னு ஆரம்பிச்சது, எங்க ஆஸ்பத்திரியிலேயே கொண்டு வந்து சேர்த்துச்சு. அண்ணி லீவு போட்டுட்டு அவன் பக்கத்துல உட்கார்ந்தாங்க. அம்மா ஒரு நாற்காலியை விட்டு நகரவே இல்ல. நான் கீழே விரிப்பு மடிப்பேன், இடைவேளையில மேலே ஓடி வருவேன். சில நாள் அவன் வார்டுல இருந்து வந்த விரிப்பையே மடிக்கிறேனோன்னு தோணும். சீ, என்ன நினைப்புன்னு தலையை உதறிக்குவேன்.

ஒரு நாள் மத்தியானம் டாக்டர் எங்க மூணு பேரையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். சொந்தக் குடும்பத்துக்கு மொழிபெயர்க்கக் கூடாதுன்னு அங்க விதி. அதனால மேஜை மேல ஸ்பீக்கர் போன். அதுல முகம் தெரியாத ஒரு பொண்ணு. டாக்டர் ஒவ்வொரு வாக்கியமா சொல்ல, அந்தக் குரல் தமிழ்ல சொல்லிச்சு.

"நாங்க எதிர்பார்த்த அளவுக்கு அவர் தேறல. எங்களுக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு. அவருக்குச் சிரமம் இல்லாம பார்த்துக்கறதுலதான் இப்ப எங்க கவனம்."

ஒரு எழுத்து பிசகல, அவ்வளவு சுத்தமா சொன்னா அந்தப் பொண்ணு. நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். முகத்துல ரத்தமே இல்ல.

அம்மாவுக்கு உயிர் வந்துச்சு. சிரமம் இல்லாம பார்த்துக்கறாங்களாமே, புண்ணியவான்னு டாக்டரைக் கும்பிட்டா. ராத்தூக்கம் இல்லாம கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. அழுக்குத் துணி அடைச்ச பையை மடியிலேயே வச்சிருந்தா. வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, பிள்ளைக்கு வாய்க்கு ருசியா ஏதாவது சமைச்சு எடுத்துக்கிட்டுக் காலையில வரேன்னு எழுந்துட்டா. வீடு ரெண்டு பஸ் தள்ளி.

அண்ணி அம்மா கையைப் பிடிச்சாங்க. "அத்தை, இருங்க."

கொஞ்சம்தானேம்மா சொன்னாங்க, நீ எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பேன்னு அம்மா கையை விடுவிச்சுக்கிட்டா. சலிப்புதான், கோபம் இல்ல. அந்தச் சேதியைத் தன் வாயால சொல்ல அண்ணியால முடியல. எத்தனையோ குடும்பத்துக்குச் சொன்ன வாய். தன் புருஷனைப் பத்திச் சொல்ல வரல. நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் நாக்கு எழும்பல. அம்மா கதவுகிட்டப் போயிட்டா.

அப்ப அண்ணி டாக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல ஏதோ கேட்டாங்க. அந்த அறையில யார் எது பேசினாலும் மொழிபெயர்க்கணும். அதனால போன்ல இருந்த பொண்ணு அதையும் தமிழ்ல சொன்னா.

"டாக்டர், உள்ளே படுத்திருக்கறது உங்க கூடப் பிறந்தவரா இருந்தா, நீங்க இப்ப வீட்டுக்குப் போவீங்களா?"

அம்மா அப்படியே நின்னுட்டா. மருமக கேட்ட கேள்வி, யாரோ ஒரு பொண்ணோட குரல்ல அவ காதுல விழுந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். என்னென்னவோ சொல்ல யோசிச்ச மாதிரி இருந்தது. பாவம், அவரும் சின்ன வயசுதான். கடைசியில, "நோ"ன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்கு எங்க அம்மாவுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கல. ஆனா போன்ல இருந்த பொண்ணு அவ வேலையை அவ செய்யணுமே. ஒரு மூச்சு விட்டுட்டு, "போக மாட்டேன்"னு சொன்னா.

அம்மா அழல. பையை என்கிட்டக் கொடுத்தா. நேரா உள்ளே போய் அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து, ஏண்டா இப்படி இளைச்சுப் போனே, சொன்ன பேச்சு என்னிக்குக் கேட்டிருக்கேன்னு வழக்கம் போல திட்ட ஆரம்பிச்சா. அண்ணி கால்மாட்டுல உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் அன்னிக்குக் கீழே வேலைக்குத் திரும்பிப் போகல. கேட்கறவங்க கேட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்.

இருட்டறதுக்கு முன்னாடியே அண்ணன் போயிட்டான். அதுக்குச் சித்த முந்தி ஒரு தடவை கண்ணைத் திறந்தான். அம்மாவைப் பார்த்ததுல அவனுக்கு ஆச்சரியம்.

"அம்மா, நீ இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"போகலடா"ன்னா அம்மா.